ஒரு லட்சம் ஓடுவதற்குள்

7.7.2025, திங்கள், பகல் 1.30
கி.மீ. 97,830

லோகு அண்ணனுக்கு,

ஆறு வாரமாக இந்த நோட்டில் கிலோமீட்டர், டீசல், டயர் காற்று தவிர வேறு எதையும் நாம் எழுதவில்லை. உங்களோடு பேசுவதில்லை என்று நான் எடுத்த முடிவு அப்படியேதான் இருக்கிறது. இது வண்டி விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

திருவள்ளூர் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. உங்கள் நம்பருக்கு நான்கு முறை அடித்தும் நீங்கள் எடுக்கவில்லையாம். நம் பிக்கப்புக்குக் கம்பெனி கொடுத்த வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. வருடக் கணக்கில் அக்டோபர் வரை இருக்கிறது. ஆனால் நாம் ஓட்டும் ஓட்டத்துக்கு இந்த மாதக் கடைசியிலேயே லட்சம் வந்துவிடும். அதற்குள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துத் தருவார்கள். லட்சத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் கிடையாதாம். இருபத்து மூவாயிரம் சொல்கிறார்கள். என் பாதியைத் தர நான் தயார். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஆகாது. யோசித்து எழுதவும்.

கிளட்ச் மறுபடியும் கனமாக இருக்கிறது. உங்கள் இடது கால் செருப்பு பெடலுக்கு அடியில் கிடந்தது. பிரேக்குக்குக் கீழே போயிருந்தால் வம்பாகியிருக்கும். சீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். சாவி வழக்கம்போல் எடைமேடைக்குப் பக்கத்தில், சின்னப்பொண்ணு அக்கா தள்ளுவண்டிக் கடையில்.

சுகிர்தா


7.7.2025, திங்கள், இரவு 8.00
கி.மீ. 97,884

சுகிர்தாவுக்கு,

ஆறு வாரம் கழித்து வாய் திறந்திருக்கிறாய் அம்மா, அதுவும் நோட்டில். ஃபேக்டரி மூடி மூன்று வருடம் ஆகிறது. ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்த ஆளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகும் புத்தி மட்டும் நம் இரண்டு பேரையும் விடவில்லை. நான் ஃபிட்டர், நீ ஃபோர்க்லிஃப்ட். செட்டில்மென்ட் பணத்தைச் சேர்த்துப் போட்டு இந்த வண்டியை வாங்கிய அன்றைக்கே நீ போய் நோட்டு வாங்கி வந்தாய். காலையில் நீ ஆரணியிலிருந்து காய்கறி ஏற்று, மத்தியானத்துக்கு மேல் நான் சிப்காட்டில் கம்பி ஏற்றுகிறேன் என்று பிரித்துக்கொண்டோம். அப்போதெல்லாம் இந்த நோட்டில் நீ படம்கூட வரைவாய். இப்போது என் நம்பரையே பிளாக் செய்து வைத்திருக்கிறாய்.

சரி, வாரண்டி. வேண்டாம். அந்தத் துண்டுக் காகிதத்தைப் படித்துப் பார்த்திருக்கிறாயா? நான் படித்திருக்கிறேன். ரப்பர் சேராது, பல்பு சேராது, லைனிங் சேராது, கிளட்ச் தட்டு சேராது. நம்மிடம் எது கெடுகிறதோ அது எதுவும் சேராது. கெடாத இரும்புக்கு இரண்டு வருடம் காவல் போட எதற்கு இருபத்து மூவாயிரம்? எளாவூர் செக்போஸ்ட் தொடங்கி கவரப்பேட்டை வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினாலும் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போடுவான். அந்த ஸ்டூல்தான் என் வாரண்டி.

செருப்பு வெயிலுக்கு வாரறுந்து வந்திருக்கும். ஒற்றைச் செருப்புக்கு விசாரணைக் கமிஷன் வைக்காதே.

லோகு


9.7.2025, புதன், பகல் 1.45
கி.மீ. 98,070

லோகு அண்ணனுக்கு,

உங்களுக்கு ஸ்டூல் போடுவார்கள். எனக்குப் போடமாட்டார்கள்.

பிப்ரவரியில் எளாவூர் தாண்டி வண்டி நின்றதே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஸ்டூலில் உட்காரும் அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் நடந்து போனேன். ஃபியூயல் பம்பு மாதிரி தெரிகிறது, ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிறது என்று சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அண்ணன வரச் சொல்லும்மா, அவராண்ட பேசிக்கிறேன்" என்றார். உங்கள் போன் கிடைக்கும்வரை மூன்று மணி நேரம் கீரைக்கட்டுகளோடு லாரிகளுக்கு நடுவில் நின்றேன். கடைசியில் ஃபியூயல் பம்புதான். நான் சொன்னதைத்தான் நீங்களும் போனில் சொன்னீர்கள். உடனே எழுந்து வந்தார். கீரை முழுக்கக் குப்பைக்குப் போனது. வீட்டில் யேசுதாஸிடம்கூட அன்றைக்கு நான் இதைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

வாரண்டி இருந்தால் நான் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். கம்பெனி வண்டி வந்து இழுத்துப் போகும். கவுன்ட்டரில் காகிதத்தை வைத்தால் அவர்கள் வேலையைச் செய்தாக வேண்டும். எனக்கு அதுதான் தேவை. உங்களுக்கு அது தேவைப்படாது என்பது எனக்குத் தெரியும்.

பிளாக் செய்ததைக் கேட்கிறீர்கள். மே 26ஆம் தேதி கம்பி யார்டில் சாவி கொடுக்க வந்து உங்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். லோடுமேன் ரகு, "இன்னாண்ணே, கிளட்ச்சு இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டார். ஆறு பேர் இருந்தார்கள். நீங்கள், "பொம்பள ஓட்டுற வண்டி, வேற இன்னா ஆவும்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபேக்டரியில் ஆறு வருடம் இரண்டு டன் தூக்கிக்கொண்டு ஒரு தூணில் இடித்ததில்லை நான். அதை மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர் நீங்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பேன்.

சுகிர்தா


12.7.2025, சனி, இரவு 8.20
கி.மீ. 98,470

சுகிர்தாவுக்கு,

மூன்று நாளாக நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். நீ பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று எழுதப் போனேன். அப்படி எழுதினால் நீ இன்னும் கோபப்படுவாய் என்று வீட்டில் செண்பகம் சொல்கிறாள். யார்டில் எல்லோரும் எதையாவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், நானும் அந்த ஜோரில் பேசிவிட்டேன். அதற்கு ஆறு வாரம் அதிகம்.

எளாவூர் மெக்கானிக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக வாரண்டி வேண்டாம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் என்பது பெரிய காலம். யார் எங்கே இருப்போமோ. வண்டி லட்சம் தாண்டுவதற்கு முன்னால் விற்றால் நல்ல விலை வரும். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். நீ வேண்டுமானால் உன் பங்கை வைத்துச் சின்னதாக ஒரு வண்டி எடுத்து ஆரணிக்கு மட்டும் ஓட்டு. எனக்கும் வயது நாற்பத்தெட்டு ஆகிறது.

அவசரமில்லை, யேசுதாஸிடமும் கேட்டுச் சொல். அவர் நிதானமானவர்.

லோகு


14.7.2025, திங்கள், பகல் 1.20
கி.மீ. 98,545

லோகு அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உங்கள் கடிதம் என் தலைக்குள்ளேயே ஓடியது. யேசுதாஸிடம் கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். "லோகு அண்ணன் வண்டிய விக்கிற ஆளு இல்லியே, இன்னாவோ கீது" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வாரண்டி வேண்டாம் என்று தொடங்கி வண்டியே வேண்டாம் என்பதில் வந்து நிற்கிறீர்கள். டயருக்குக் காற்று அடித்ததற்குக்கூட என்னோடு சண்டை போட்டவர் நீங்கள்.

இன்று சாவி வைக்கப் போனபோது சின்னப்பொண்ணு அக்கா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்து நாஷ்டா கேட்டீர்களாம். இடது காலில் செருப்பு இல்லையாம். "இன்னாய்யா, ஒத்தக் கால்ல செருப்பக் காணோம், தாரு சுடல?" என்று அவர் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தீர்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை வெயிலில் நான் செருப்போடு நடந்தும் கால் கொதித்தது.

நான் போன வாரம் பெடலுக்கடியில் எடுத்த செருப்பும் இடது கால் செருப்புதான்.

என்ன விஷயம்? நேரடியாகக் கேட்கிறேன். பேசுவதில்லை என்று இருந்தாலும் இதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

வியாழக்கிழமை காய்கறி நடையை விட்டுவிட்டு வண்டியைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். பார்ப்பதற்குக் கையெழுத்து தேவையில்லையாம்.

சுகிர்தா


15.7.2025, செவ்வாய், இரவு 7.50
கி.மீ. 98,720

சுகிர்தாவுக்கு,

திருவள்ளூருக்குக் கொண்டுபோகாதே. நான் வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுபோனால் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்வேன். வண்டி என் பெயரில் இருக்கிறது.

என் கால் என் விஷயம். சின்னப்பொண்ணுக்கு இட்லி ஊற்றுகிற வேலையைப் பார்க்கச் சொல்.

லோகு


17.7.2025, வியாழன், பிற்பகல் 3.10
கி.மீ. 98,990

லோகு அண்ணனுக்கு,

கொண்டுபோனேன்.

இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் நன்றாக இருக்கின்றன, வாரண்டி தரத் தடையில்லை என்றார்கள். கிளட்ச் தட்டு தேய்ந்து போயிருந்தது. நீங்கள் சொன்னதுபோல் அது வாரண்டியில் சேராது. நம் செலவில் மாற்றியாகிவிட்டது. விண்ணப்பமும் ஜாப் கார்டும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடங்களில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

புதுக் கிளட்ச், மெதுவாக விடவும்.

சுகிர்தா


17.7.2025, வியாழன், இரவு 8.00
கி.மீ. 98,990

சுகிர்தாவுக்கு,

கிலோமீட்டரைப் பார். நீ நிறுத்திய இடத்திலேயே வண்டி நிற்கிறது. நான்கு மணி லோடுக்கு யார்டிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து அந்த ஜாப் கார்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

"கிளட்ச் பெடலில் எப்போதும் கால் வைத்தபடியே ஓட்டியதால் தேய்மானம். ஓட்டியவர்: சுகிர்தா. தன் பழக்கம்தான் என ஒப்புக்கொண்டார்." கீழே உன் கையெழுத்து.

ஏம்மா இப்படிச் செய்தாய்?

ஃபோர்க்லிஃப்டில் நீ கால் வைப்பதை ஆறு வருடம் பார்த்தவன் நான். வேலை இல்லாத பெடலில் உன் கால் ஒரு நொடி இருக்காது. அது என் கால். உனக்கு அது தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்துதான் உன் பெயரை எழுதச் சொன்னாய் என்பதும் படித்த உடனே புரிந்தது.

எழுதிவிடுகிறேன். பொங்கலுக்குப் பிறகு இடது பாதம் துணி சுற்றியது போல ஆனது. சர்க்கரை ஐந்து வருடமாக இருக்கிறது, மாத்திரையை நினைத்தால் போடுவேன். சரியாகிவிடும் என்று விட்டேன். சித்திரைக்குள் பெடல் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. காலை எடுத்தால் மறுபடி தேட வேண்டும். தேடும்போது கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதனால் எடுப்பதே இல்லை. எளாவூரிலிருந்து சிப்காட் வரைக்கும், லோடோடும் லோடு இல்லாமலும் கால் அதன்மேல்தான் இருக்கும். கிளட்ச் எரியாமல் என்ன செய்யும்?

ரகு அன்றைக்கு நாற்றத்தைக் கேட்டபோது எனக்குக் காரணம் தெரியும். அவன் மூக்குக்குத் தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருத்தன் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டால் அன்றைக்கே என் பிழைப்பு முடிந்தது. நாற்பத்தைந்துக்கு மேல் போன ஃபிட்டரை எந்தக் கான்ட்ராக்டரும் எடுப்பதில்லை. நான் கேட்காத கேட் இந்த சிப்காட்டில் இல்லை. ஓட்டுவது ஒன்றுதான் மிச்சம். சட்டென்று கைக்கு எட்டியது உன் பெயர்தான். எடுத்து முன்னால் போட்டுவிட்டேன். வாய் தவறவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

வாரண்டி வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். பிரித்துப் பார்த்தால் கிளட்ச் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தது, நீ மறைத்துவிட்டாய்.

செண்பகத்துக்குக்கூடத் தெரியாது. நாளையிலிருந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

லோகு


19.7.2025, சனி, பகல் 1.30
கி.மீ. 99,130

லோகு அண்ணனுக்கு,

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் கிளட்ச் தட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "யாரு மேடம் ஓட்டுறது, சார் வரலியா?" என்றார். நீங்கள்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி வயது என்ன, உடம்பு எப்படி என்று போகும். அவர் எழுதுகிற காகிதம் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாது. நான்தான் என்றேன். ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார். அவர் நான் வரும்போதே நம்பத் தயாராகத்தான் இருந்தார். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் வலித்தது.

இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் திரும்பி வந்தது. தெரிந்தே செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்களே எழுதியதால் கோபம் நிலைக்கவும் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை கம்பி லோடோடு, கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறீர்கள். ஸ்கூல் விடும் நேரத்தில் கவரப்பேட்டை வழியாகப் போயிருக்கிறீர்கள். கடவுள் காப்பாற்றினார் என்று யேசுதாஸ் சொல்கிறார். அடுத்த முறைக்கும் கடவுள்மேல் பாரத்தைப் போடக்கூடாது.

நீங்கள் இனி ஸ்டியரிங்கில் உட்காரக்கூடாது. காலையும் மத்தியானமும் நானே ஓட்டுகிறேன். நீங்கள் இடது பக்கம் உட்காருங்கள். லோடு பிடிப்பது, கட்டுவது, பில் வாங்குவது, ஒர்க்‌ஷாப்பில் பேசுவது எல்லாம் உங்கள் வேலை. வருகிறதை முன்போலவே பாதிப் பாதி. வண்டியை விற்க வேண்டாம்.

பொன்னேரி அரசு மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்குப் பார்க்கிறார்கள். செண்பகம் அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சுகிர்தா


21.7.2025, திங்கள், மாலை 6.30
கி.மீ. 99,205

சுகிர்தாவுக்கு,

விண்ணப்பத்தில் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பங்குப் பணம் உறையில் இருக்கிறது. நீ சொன்ன காரணம் சரி. அதைத் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இடது பக்கம் உட்காரும் பேச்சு வேண்டாம். என் பெயரில் இருக்கும் வண்டியில் நான் கிளீனரா? என் மச்சினன்மார்கள் எல்லாம் இதே ரோட்டில்தான் போய்வருகிறார்கள். நீ நல்ல மனதோடு சொல்கிறாய், எனக்கும் தெரிகிறது, ஆனால் என்னால் முடியாது. வேறு ஏதாவது பார்க்கிறேன். வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள்.

செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் என் காலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விரல் விரலாகப் பார்த்தாள். சுண்டு விரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சாவியை வாங்கியது இதை எழுதத்தான். மதியம் வேறு ஒரு வேலை இருந்தது, அதை முடித்துவிட்டு வந்தேன்.

லோகு


23.7.2025, புதன், மாலை 5.45
கி.மீ. 99,480

லோகு அண்ணனுக்கு,

வாரண்டி கட்டியாகிவிட்டது. ரசீது பெட்டியில். 2027 அக்டோபர் வரை.

இன்று உங்கள் லோடை ஏற்ற நான் கம்பி யார்டுக்குப் போனேன். மே மாதத்துக்குப் பிறகு அந்த கேட்டுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. யாராவது ஏதாவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. லோடு ஏறி முடிந்ததும் ரகுதான் பக்கத்தில் வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"திங்கக்கெழம லோகு அண்ணன் ஷேர் ஆட்டோல வந்து எறங்குச்சுக்கா. எங்க ஆறு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சு, 'அன்னைக்கி கிளட்ச்ச எரிச்சது நான்தான், சுகிர்தா இல்ல. என் கால்ல உணர்ச்சி செத்துப் போச்சு. தெரிஞ்சிக்கினே அந்தப் பொண்ணு மேல போட்டேன்'னுச்சு. நாங்க வெளாடுதுன்னு சிரிச்சோம். அப்பால செருப்பக் கயட்டிட்டு, கம்பி கட்ற ஒயர என் கைல குடுத்து, 'இங்க குத்துடா, எனக்குத் தெரியாது'ன்னு கால நீட்டுச்சு. நான் குத்தலக்கா. ஒயரக் கீழ போட்டுட்டேன். சூப்பர்வைசர் அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு. உடனே கேட் பாஸ வாங்கிக்கினாரு."

அவ்வளவையும் சொல்லிவிட்டு, "அன்னைக்கி சிரிச்சதுக்கு எங்களயும் மன்னிச்சிருக்கா" என்றார்.

அந்த மதியத்தைத்தான் நீங்கள் நோட்டில் "வேறு ஒரு வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணா, நான் மன்னிப்புக் கேளுங்கள் என்றுகூட எழுதவில்லை. கேட்க நினைத்திருந்தால் இந்த நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தாலே எனக்குப் போதும். நீங்கள் எந்த ஆறு பேருக்குப் பயந்தீர்களோ அவர்கள் முன்னாலேயே போய் நின்று, பிழைப்பையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். யார்டிலிருந்து வெளியே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். யேசுதாஸ் போன் செய்தார், அவரிடமும் அழுதேன்.

ஒயரால் குத்தச் சொன்னதற்கு உங்களை நன்றாகத் திட்ட வேண்டும். சர்க்கரைக் கால் அது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வாட்ச்மேன் வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அந்தக் காலோடு எப்படி நிற்பீர்கள்? எனக்கு உங்கள்மேல் பரிதாபப்பட நேரமில்லை. இன்று கம்பியை எனக்குக் கட்டத் தெரியவில்லை, ரகுதான் கட்டினார். எந்த லோடுக்கு எவ்வளவு கேட்பது என்றும் தெரியாமல் குறைத்துக் கேட்டுவிட்டேன். உங்கள் இடத்தில் யாராவது உட்கார்ந்தாக வேண்டும். வேறு ஆளை வைக்க எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எளாவூர் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன். அன்றைக்குக் காய்கறி நடை இல்லை.

சுகிர்தா


29.7.2025, செவ்வாய், பகல் 11.40
கி.மீ. 99,962
பொன்னேரி ஆஸ்பத்திரி வாசல்

சுகிர்தாவுக்கு,

நீ மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கிறாய். உனக்கு முன்னால் நாற்பது பேராவது இருக்கிறார்கள். நான் வண்டிக்குள் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் எளாவூரில் ஏறியதிலிருந்து நாம் மழை வருமா என்பது தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒயர் விஷயத்துக்கு நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் என் காலைத்தான் பார்த்தாய்.

உள்ளே நடந்ததை எழுதுகிறேன். நீ வெளியே இருந்தாய், உனக்குத் தெரியாது.

நர்ஸம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிசாக ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொடுவாராம், தெரிந்தால் சொல்ல வேண்டுமாம். நான் தொடும்போதும் சொன்னேன், தொடாதபோதும் சொன்னேன். அந்தம்மா, "பெருசு, பரீட்சை இல்ல இது, பொய் சொல்லாத" என்றார். அப்புறம் ஒழுங்காகச் சொன்னேன். பத்து இடத்தில் நான்கு இடம்தான் தெரிந்தது. போனது திரும்புமா என்று கேட்டேன். திரும்பும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மாத்திரையை ஒழுங்காகப் போடு, வெறுங்காலோடு நடக்காதே என்றார். ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. அவராகவே கூடாது என்றார்.

இருபது வருடமாகக் கையில் ஏதோ ஒரு லீவரையோ ஸ்டியரிங்கையோ பிடித்துக்கொண்டே இருந்தவன் நான். வெறுங்கையாக எழுந்து நின்றபோது என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

அப்போது அவர் சீட்டு எழுதிக்கொண்டே, "கூட யாரு வந்திருக்கா? மாத்திர வெவரம் சொல்லணும்" என்று கேட்டார். செண்பகத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். "அப்போ வெளிய நிக்கிறவங்க?" என்றார். கதவு வழியாக நீ வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அவங்க டிரைவரும்மா. நான் அந்த வண்டில கிளீனரு" என்றேன்.

இந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் புரண்டேன். சொல்லும்போது வாய் கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை.

லோகு